எட்டு நிமிடத்துக்கு இருபது பீஸ்

மாரிசெல்வி ஓடும்போது அவளுடைய வலது கை சும்மா இருக்காது. இடது கை எல்லோருக்கும்போல முன்னும் பின்னும் போய்வரும். வலது கை மட்டும் மார்புக்கு நேராக நின்று, இல்லாத ஒன்றைப் பிடித்துக்கொண்டு கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே போகும். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. கொஞ்சம் இடைவெளி. மறுபடியும் ஒன்று, இரண்டு. ஷிஃப்ட் வேன் ஓட்டும் ராஜாமணி அண்ணன் ஒருநாள் அவளுக்குப் பக்கத்தில் வண்டியை மெதுவாக்கித் தலையை வெளியே நீட்டினார்.

"இன்னாம்மா, ஓடிக்கினே மெசேஜ் அடிக்கிறியா? கைல போனையே காணோம்?"

"ஸ்க்ரூ போடுதேன்ணே" என்றாள், நிற்காமல்.

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. சுங்குவார்சத்திரத்துக்குப் பக்கத்தில் செல்போன் சேர்க்கும் ஒரு தொழிற்சாலையில் அவள் லைனில் நிற்பவள். பெல்ட்டில் வரும் போனை எடுத்து, நான்கு ஸ்க்ரூ போட்டு, விரலால் தடவிப் பார்த்து, அடுத்தவளுக்குத் தள்ளிவிட வேண்டும். மேலிருந்து தொங்கும் கருவியின் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்தினால் ஸ்க்ரூ இறங்கும். ஒரு பீஸுக்கு இருபத்துநான்கு நொடி. ஒரு ஷிஃப்டில் ஆயிரத்துக்கு மேல். ஒன்றரை வருடம் இதையே செய்ததில் அந்த இருபத்துநான்கு நொடி அவள் கைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. தூக்கத்தில்கூட கட்டைவிரல் அசையும் என்று அவளோடு அறையில் இருந்தவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

கடற்படையில் சேர வேண்டுமென்றால் பெண்கள் ஒன்று புள்ளி ஆறு கிலோமீட்டரை எட்டு நிமிடத்துக்குள் ஓட வேண்டும். எட்டு நிமிடம் என்றால் நானூற்று எண்பது நொடி. இருபத்துநான்கால் வகுத்தால் இருபது.

"அப்போ இருபது பீஸுக்குள்ள ஓடிறணும். அவ்வளவுதான்க்கா" என்றாள் என்னிடம்.

கயத்தாறு பக்கம் ஒரு கிராமத்திலிருந்து, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு பதினெட்டுப் பெண்களோடு ஒரே வேனில் வந்தவள் அவள். பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் வீட்டு மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்கு விட்டிருக்கிறோம். அதில் ஒன்றில் இன்னும் மூன்று பேரோடு இருந்தாள். நானும் அதே தொழிற்சாலைதான். பி.எஸ்சி. முடித்ததால் எனக்கு லைனில் நிற்கும் வேலை இல்லை. மணிக்கு ஒருமுறை எத்தனை பீஸ் முடிந்தது என்று எண்ணிப் போர்டில் எழுத வேண்டும், கணினியிலும் ஏற்ற வேண்டும்.

கடல் மேல் அவ்வளவு ஆசையா என்று ஒருமுறை கேட்டேன்.

"கடல்ல என்னக்கா இருக்கு? தண்ணி."

"அப்புறம் எதுக்குடி?"

லைனில் ஒவ்வொருவருக்கும் தரையில் மஞ்சள் பெயின்டால் ஒரு கட்டம் போட்டிருப்பார்கள். ஷிஃப்ட் முடியும்வரை அதற்குள்தான் நிற்க வேண்டும். அவள் தன்னுடைய கட்டத்தைச் சாணால் அளந்து வைத்திருந்தாள். நீளம் நாலு சாண், அகலம் மூணு. "இதுக்குள்ள எத்தன வருசம்க்கா நிக்க?" என்றாள்.

"கப்பல் மட்டும் பெருசாவா இருக்கும்? அதுக்குள்ளயும் நின்ன எடம்தான்."

"அது நகரும்லா!"

எழுத்துத் தேர்வில் தேறியிருந்தாள். உடற்தகுதித் தேர்வுக்குத் தேதி வந்திருந்தது. அடுத்த முறை ஆள் எடுக்கும்போது அவளுக்கு வயது தாண்டிவிடும். அதைவிடப் பெரிய விஷயம், அப்பா ஆறுமுகநயினாரிடம் அவள் கொடுத்திருந்த வாக்கு. கோவில்பட்டியில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் அத்தை மகன் பேச்சிராஜுக்கு அவளைக் கொடுப்பதென்று வீட்டில் பேசி வைத்திருந்தார்கள். "இந்த ஒரு தடவ விடுங்கப்பா. கெடைக்கலைன்னா மறுபேச்சு இல்லாம வந்திருதேன்" என்று சொல்லியிருந்தாள்.

"அந்தப் பையன் எப்படி?" என்று கேட்டேன்.

"நல்ல பையந்தான்க்கா. குடி கெடையாது, ஒண்ணு கெடையாது. அதான் கஷ்டமா இருக்கு. ஒரு கொற சொல்ல முடியல."

ஜனவரியில் ஓட ஆரம்பித்தாள். முதல் வாரம் மொட்டைமாடியில் ஒரு தண்டால்கூட எடுக்க முடியவில்லை. குப்புறப் படுத்தவள் அப்படியே கிடந்து சிரிப்பாள். பிறகு மூன்று, ஆறு, பத்து. உட்கார்ந்து எழுவதும் படுத்து எழுவதும் சீக்கிரம் வந்துவிட்டன. ஓட்டம்தான் வரவில்லை. பாதி வழியில் ஆடுசதை பிடித்துக்கொள்ளும். சாலையோரம் உட்கார்ந்து காலைக் குத்திக்கொள்வாள், எழுந்து நொண்டுவாள், மறுபடி ஓடுவாள்.

தூரத்தை அளந்து தந்தது ராஜாமணி அண்ணன்தான். தொழிற்பேட்டைச் சாலையில் துணைமின் நிலையத்திலிருந்து ரவுண்டானா வரை போய்த் திரும்பினால் சரியாக ஒன்று புள்ளி ஆறு. வேன் மீட்டரில் மூன்று தடவை பார்த்துச் சொன்னார். முதலில் போனைக் கையில் பிடித்து நேரம் பார்த்துக்கொண்டுதான் ஓடினாள். பிப்ரவரியில் ஒருநாள் விடியற்காலை பைக்கில் வந்த இருவர் அந்தப் போனைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். இவள் துரத்தியிருக்கிறாள். "அன்னைக்குத்தான்க்கா நல்லா ஓடுனேன், நேரம் பாக்கத்தான் போன் இல்ல" என்றாள்.

அதற்குப் பிறகு வேறு போன் வாங்கினாள், ஆனால் ஓடப் போகும்போது அதை எடுத்துப் போவதில்லை. கையே போதும் என்றாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை என்று என் போனை என்னிடமே கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு இருபது பீஸ் காற்றில் போட்டுக் காட்டினாள். நிறுத்தியபோது ஏழு நிமிடம் ஐம்பத்தொன்பது நொடி. மாடியில் எல்லோரும் கைதட்டினார்கள்.

மார்ச்சில் என் அப்பா இறந்துபோனார். நான் பத்து நாள் வேலைக்குப் போகவில்லை. அந்தப் பத்து நாளில் லைனில் மாடல் மாறியிருந்தது. நான் திரும்பிப் போனபோது புது போன் ஓடிக்கொண்டிருந்தது. நான் என் இடத்தில் நின்று மணிக்கு மணி எழுதினேன்.

வீட்டில் இருக்க முடியவில்லை. நாலு மணிக்கே விழிப்பு வந்துவிடும். அம்மா ஒரு பக்கம் ஜெபமாலையோடு உட்கார்ந்திருப்பாள். முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள், மாரிசெல்வி ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு படியில் இறங்கும் சத்தம் கேட்டது. அப்பாவின் ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். "இருட்டுல தனியாப் போகாதே, பின்னாடியே வர்றேன்" என்றேன். அவள் படியில் உட்கார்ந்து ஷூவைப் போட்டுக்கொண்டாள். மற்றவர்கள் சொன்ன ஆறுதல் எதையும் சொல்லவில்லை. "ஹெட்லைட்ட டிம்ல போடுங்க, கண்ணு கூசும்" என்றாள்.

அன்றிலிருந்து தினமும் போனேன். அவள் ஓடுவாள், நான் பத்தடி பின்னால் ஊர்ந்து வருவேன். திரும்பி வந்து துணைமின் நிலையச் சுவரைத் தொட்டுவிட்டு எத்தனை பீஸ் என்று சொல்வாள். இருபத்திரண்டு. இருபத்தொன்றரை. ஏப்ரல் கடைசியில் இருபதே முக்கால். அப்புறம் ஒருநாள், "பத்தொம்பதரை! பத்தொம்பதரக்கா!" என்று கத்தி, ஸ்கூட்டர் கண்ணாடியைப் பிடித்து உலுக்கினாள்.

மறுநாளும் பத்தொன்பதரை. அதற்கு அடுத்த நாள் ரவுண்டானாவைச் சுற்றித் திரும்பும்போது என் விளக்கு வெளிச்சம் அவளுடைய வலது கை மேல் நேராக விழுந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து.

தவறாகப் பார்த்துவிட்டேன் என்று நினைத்தேன். இடைவெளி விட்டு மறுபடி தொடங்கியது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து.

பிரேக்கைப் பிடித்தேன். அவள் ஓடிப்போய்க்கொண்டே இருந்தாள். புது மாடலுக்கு ஐந்து ஸ்க்ரூ. ஒரு ஸ்க்ரூ கூடினால் நேரமும் கூட்டித்தானே கொடுத்திருப்பார்கள்? முன்பு மணிக்கு நூற்றைம்பது என்று எழுதிய போர்டில் இப்போது நூற்று முப்பத்துமூன்று என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். ஐந்து வாரமாக, ஒரு நாளைக்கு எட்டு முறை, என் கையால். மூவாயிரத்து அறுநூறை நூற்று முப்பத்துமூன்றால் வகுத்தால் இருபத்தேழு.

அவளுக்கு இது தெரிய வழியில்லை. போர்டு அவள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. ஒரு ஸ்க்ரூ கூடியதால் கைக்கு எப்போதும்போல மூச்சுவிட நேரமில்லை. பெல்ட் மெதுவாகியிருக்கிறது என்று அவள் உடம்புக்கு எப்படித் தெரியும்?

சுவரருகே குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். "பத்தொம்பதே கால்" என்றாள் நிமிர்ந்து.

"மாரி, இப்ப எத்தினி ஸ்க்ரூ போடுற?"

"அஞ்சு."

"முன்னாடி?"

"நாலு. ஏன்க்கா..." என்றவள் அப்படியே நின்றாள். கணக்கு அவளுக்கு என்னைவிட வேகமாக வரும். "எத்தன செகண்டு இப்போ?"

"இருபத்தேழு."

அவள் என் போனைக் கேட்டாள். வாங்கி, அங்கேயே, அப்போதே இன்னொரு முறை ஓடினாள். வேண்டாமடி, களைத்திருக்கிறாய் என்று சொல்லிக்கொண்டே பின்னால் போனேன். ஒன்பது நிமிடத்தைத் தாண்டியது. மறுநாள் காலை, களைப்பில்லாத கால்களோடு ஓடியபோது எட்டு நிமிடம் நாற்பத்தாறு நொடி. தேர்வுக்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது.

"நீங்கதானக்கா மணிக்கு மணி போர்டுல எழுதுதீங்க. ஒங்களுக்குத் தெரியாதா?" என்றாள் படிக்கட்டில் நின்று.

"எழுதினேன். படிக்கல."

"அதெப்படி எழுதுனத படிக்காம இருப்பாங்க?"

என் கண் கலங்கியதை அவள் பார்த்துவிட்டாள்.

"இப்ப நீங்க அழுதா நாப்பத்தாறு செகண்டு கொறையுமா? சவத்த விடுங்க. சாயங்காலமும் ஓடப்போறேன், வண்டியில பெட்ரோல் இருக்கான்னு பாருங்க."

அந்தப் பதினெட்டு நாளும் வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. காலை ஷிஃப்டுக்கு முன் ஓடுவாள். மூன்று மணிக்குத் திரும்பி வந்து, ஐந்து மணி வெயிலில் மறுபடி ஓடுவாள். இடையில் மாடியில் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பாள். "இந்தப் பொண்ணு இன்னாத்துக்கு இப்டி கீது? ஒரு எடத்துல ஒக்காந்து சாப்பிடக் கூடாதா?" என்று அம்மா என்னிடம் முணுமுணுப்பாள். அவள் நின்றுகொண்டே சாப்பிட்டாள். அம்மா திட்டிக்கொண்டே தட்டில் இரண்டாவது முட்டையை வைப்பாள்.

காலையில் போனைப் பார்த்து இருபத்துநான்கு நொடியைக் கைக்குப் பழக்குவாள். எட்டு மணி நேரம் லைனில் நின்றால் கை மறுபடியும் இருபத்தேழுக்குப் போய்விடும். ஓட்டமும் கையோடு சேர்ந்து தளரும். லைன் லீடர் ரகுபதியிடம் போய் நின்றாள்.

"சார், என்ன ஸ்க்ரூவுல இருந்து மாத்திவிடுங்க."

"ஏம்மா, ஸ்க்ரூ உன்ன இன்னா பண்ச்சு?"

"கை வலிக்கி சார்."

"கை வலிக்குதா? ரோட்ல ஓடும்போது அந்தக் கையாலதான் ஸ்க்ரூ போட்டுக்கினு போறியாமே. ராஜாமணி சொன்னாரு. ஓவர்டைமுக்கு இங்க வர வேண்டியதுதானே?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். ஆனாலும் ரகுபதி அவளை ஸ்கேன் செய்யும் இடத்துக்கு மாற்றினார். அங்கே போனைக் காட்டினால் கருவி ஒரு சத்தம் கொடுக்கும். பெல்ட் அதே பெல்ட்தான். முதல் நாள் சாயங்காலம் வந்து, "இப்ப காதுக்குள்ள இருபத்தேழு கேக்குக்கா" என்றாள்.

தண்ணீர் விஷயத்தையும் அப்போதுதான் கவனித்தோம். லைனில் நிற்பவர்கள் கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால், அந்த இடத்தில் நிற்க இன்னொரு ஆள் வர வேண்டும். கையைத் தூக்கிக் காத்திருக்க வேண்டும். அதற்குப் பயந்து யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. ஷிஃப்டுக்கு முந்தைய இரவே குறைத்துவிடுவார்கள். இவளும் ஒன்றரை வருடமாக அப்படித்தான். ஆடுசதை ஏன் பிடிக்கிறது என்று மருந்துக்கடையில் கேட்டபோது, கடைக்காரர் முதலில் கேட்ட கேள்வியே ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கிறாய் என்பதுதான். மறுநாளிலிருந்து பாட்டில் பாட்டிலாகக் குடித்தாள். ஷிஃப்டுக்கு மூன்று முறை கையைத் தூக்கினாள். "கப்பல்ல போறவ, இப்பவே தண்ணிலயே இருக்கா" என்று பக்கத்தில் நிற்கும் ஃபாத்திமா கேலி செய்வாள். ரகுபதி முறைப்பார். இவள் கையைத் தூக்கியபடியே நிற்பாள்.

எட்டு முப்பத்தொன்று. எட்டு இருபது. மறுநாள் எட்டு இருபத்திரண்டு என்று கூடியது. அன்று ஷூவைக் கழற்றிச் சாலையில் எறிந்தாள். பிறகு அவளே போய் எடுத்து வந்தாள்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை அவள் அம்மா உலகம்மாள் போன் செய்தார். சத்தமாகத்தான் பேசுவார், எதிரில் இருந்த எனக்கும் கேட்டது.

"அத்த நேத்து வந்தா. வெத்தல பாக்கு மாத்திக்கிடலாமாங்கா. என்ன சொல்ல?"

"அஞ்சு நாள் பொறுங்கம்மா."

"அஞ்சு நாள்ல என்ன ஆயிரும்?"

"ஒண்ணு நான் வருவேன், இல்லன்னா வரமாட்டேன்."

"இது ஒரு பேச்சா ஏட்டி?"

தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு எட்டு நிமிடம் நான்கு நொடி. அதுதான் அவள் ஓடியதிலேயே வேகமான ஓட்டம். அதற்கு மேல் ஓட வேண்டாம், காலுக்கு ஓய்வு கொடு என்று சொல்லி ஷூவை வாங்கி என் பீரோவில் வைத்துப் பூட்டினேன். எட்டு நிமிடத்துக்குள் ஒரே ஒரு தடவைகூட ஓடாமல்தான் அவள் தேர்வுக்குப் போனாள்.

அன்று காய்ச்சல் என்று ரகுபதிக்கு இருவருமே செய்தி அனுப்பியிருந்தோம். சென்னையில் அந்த மைதான வாசலுக்கு ஐந்தரை மணிக்கே போய்ச் சேர்ந்தோம். உள்ளே அவளை மட்டும் விட்டார்கள். போனையும் பையையும் என்னிடம் கொடுத்தாள். "வாரேன்" என்றுகூடச் சொல்லவில்லை, கூட்டத்தோடு போய்விட்டாள்.

சுற்றுச்சுவர் உயரம். எதிரில் டீக்கடையில் உட்கார்ந்தேன், எழுந்தேன், வாசல்வரை போய்த் திரும்பினேன். உள்ளேயிருந்து விசில் சத்தம் வரும். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. எந்த விசில் எந்தக் கூட்டத்துக்கு என்று வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை. ஏழு மணியிலிருந்து சில பெண்கள் ஒவ்வொருவராக வெளியே வரத் தொடங்கினார்கள். சீக்கிரம் வருபவர்கள் ஓட்டத்தில் விழுந்தவர்கள் என்று டீக்கடைக்காரர் சொன்னார். ஒவ்வொரு முறை கேட் திறக்கும்போதும் அவளாக இருக்கக் கூடாது என்று பார்த்தேன். எட்டு மணிக்கு அவள் வரவில்லை. ஒன்பதுக்கும் வரவில்லை. பதினொன்றேகாலுக்கு வந்தாள். உள்ளங்கையிலும் முழங்காலிலும் செம்மண். முகத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியவில்லை.

"இன்னாடி ஆச்சு?"

"தண்ணி குடுங்க."

பாட்டிலை முழுவதும் குடித்தாள்.

"நேரம் சொல்ல மாட்டாங்களாம்க்கா. எட்டு நிமிசம் ஆனா விசில் ஊதுவாங்க, கோட்டத் தாண்டாதவுக அப்படியே ஓரமாப் போயிறணும். மொத ரெண்டு சுத்து எண்ணிப் பாத்தேன். பயமா வந்துட்டு, இது இருபத்துநாலா இருபத்தேழான்னு. கைய மடக்கிக்கிட்டேன். முன்னால ஒரு பிள்ள ஓடுனா, நல்ல நெட்ட. அவ சடையப் பாத்துக்கிட்டே, விட்டுரக் கூடாதுன்னு ஓடுனேன். வேற ஒண்ணும் தெரியல."

"விசிலு?"

"முதுகுக்குப் பின்னால கேட்டுச்சு."

"எத்தினி செகண்டு பின்னாடி?"

"தெரியலக்கா. ஒண்ணோ, அரையோ. எனக்குப் பொறவு வந்தவள நிப்பாட்டிட்டாங்க."

தண்டால், மற்றவை எல்லாம் அதற்குப் பிறகு நடந்தன, அவற்றில் அவளுக்குச் சிரமமில்லை. மருத்துவப் பரிசோதனையும் பெயர்ப் பட்டியலும் பின்னால் வந்தன. போன மாதம் பயிற்சிக்கு ஒடிசாவுக்கு ரயில் ஏறியும்விட்டாள். அன்றைக்கு இது எதுவும் எங்களுக்குத் தெரியாது. தெரிந்தது அந்த விசில் மட்டும்தான்.

டீக்கடைக்குப் பக்கத்தில் நின்றே அப்பாவுக்குப் போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டாள். தனியாகப் பேசத் தைரியம் இல்லை போலிருக்கிறது.

"அப்பா, ஓடிட்டேன்."

அந்தப் பக்கம் ஏதோ டிராக்டர் சத்தம். அது தள்ளிப் போனதும் ஆறுமுகநயினார் கேட்டார்.

"எத்தன வருசத்துக்கு எடுப்பாக?"

"நாலு."

"அதுக்குப் பொறவு?"

"அதுக்குப் பொறவு கேளுங்கப்பா, சொல்லுதேன்."

"பேச்சிராஜுட்ட நான் என்னன்னு சொல்ல?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

"நானே சொல்லுதேன்பா. நம்பர் அனுப்புங்க."

"நீ எதுக்குச் சொல்லணும்? நான் சொல்லிக்கிடுதேன்" என்று போனை வைத்துவிட்டார்.

கோபமா இல்லையா என்று இருவருக்கும் புரியவில்லை. நிறுத்தத்துக்கு நடந்தோம். வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது.

"இங்கேருந்து நம்ம வீடு எத்தன கிலோமீட்டரு இருக்கும்?"

"நாப்பதுக்கு மேல. ஏன்?"

அவள் சாலையை ஒருமுறை நீளமாகப் பார்த்தாள். நடந்தே போய்விடலாமா என்று நிஜமாகவே யோசிக்கிறாளோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. நல்லவேளை, ஸ்ரீபெரும்புதூர் பஸ் வந்துவிட்டது. நிறைய இடம் காலியாக இருந்தது. நான் ஜன்னலோரம் உட்கார்ந்து பக்கத்தில் தட்டிக் காட்டினேன். "உக்காரும்மா, டிக்கெட் ஒரே வெலதான்" என்றார் கண்டக்டர். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊர் வரும்வரை நின்றுகொண்டே வந்தாள்.